மூன்றங்குல வால்

ஜூன் 3, திங்கள்

புறவழிச்சாலை டிரெய்லர் உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூலை 14, ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா வர வேண்டுமாம். ‘ஓட்டுநர் அர்த்தநாரி தூக்கக் கலக்கத்தில் தொப்பூர் இறக்கத்தில் டிரெய்லரைக் கவிழ்த்து, சாலையோர இளநீர் வியாபாரியின் காலைப் பறித்த சம்பவம் குறித்து விசாரணை.’ தீர்ப்பையும் அதே வரியில் எழுதிவிட்டார்கள்.

சங்கத்து வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் பெயர் ஏறிய ஓட்டுநருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த முதலாளியும் வண்டி தர மாட்டான். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு பலகை கிடையாது. லைசென்ஸை முடக்க அரசாங்கத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். இவர்களுக்கு ஒரு துண்டு சாக்பீஸ் போதும்.

அப்பாவுக்கு வலது முன்கை முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். இடது கையால் கடிதத்தை வாங்கிப் படித்து டி.வி. மேல் வைத்தார். பதினாறு நாளாக விபத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி முதலாளி தனபால் ஊரெல்லாம் ‘தூங்கிட்டான்’ என்று சொல்கிறார். இவர் ‘தூங்கவில்லை’ என்றுகூடச் சொல்வதில்லை.

“தூங்கலைன்னு சொல்லுங்கப்பா.”

“சொன்னா?”

“சொன்னா என்னவா? நெசத்தச் சொல்றதுக்கு என்ன கேடு?”

“போய்ச் சோறு தின்னு அம்மிணி.”

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். தூங்கினவன் வண்டி நேரே போய் முட்டும். இந்த வண்டியின் தலை வளைவில் ஒழுங்காகத் திரும்பிவிட்டது. பின்பக்கம்தான் வீசி அடித்தது. வாயால் சொன்னால் ‘டிரைவர் மக வேற என்ன சொல்லுவா’ என்பார்கள். கண்ணால் பார்க்க வைக்க வேண்டும்.

பரணிலிருந்து ரிமோட் லாரியை இறக்கினேன். எனக்குப் பன்னிரண்டு வயதில், மும்பைத் துறைமுக லோடுக்குப் போன அப்பா வாங்கி வந்தது. இழுவைத் தலை மட்டும். பின்னால் மாட்ட டிரெய்லர் இல்லை. ‘பொட்டப்புள்ளைக்கு லாரியா?’ என்றார் அம்மா. ‘டிரெய்லர நாமளே கட்டிக்கலாம்’ என்றார் அப்பா. கட்டவில்லை. எனக்கு இப்போது இருபத்து மூன்று. நானே கட்டுகிறேன். ஆறு வாரம் இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

பேட்டரி ஒழுகிப்போய்த் தகடு பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிது மாட்டினேன். ஓடுகிறது.

ஜூன் 6, வியாழன்

அளவு போட்டேன். பொம்மையின் டயர் நிஜ டயரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக எல்லாவற்றையும் பதினாறால் வகுக்க வேண்டும். நாற்பதடி டிரெய்லர் முப்பது அங்குலமாகிறது. கணக்கு இவ்வளவு சுத்தமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பட்டறையில் மதிய இடைவேளையில் கம்ப்யூட்டரில் வரைந்தேன். லாரிக்குப் பாடி கட்டும் இந்தப் பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்கள் வெல்டிங் அடிக்கிறார்கள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த நான் ஒருத்திதான் வரைபடம் போடுகிறேன். ஆனாலும் மூன்று வருடமாக என் பெயர் ‘ஆபீஸ் பொண்ணு’. ஷெட்டுக்குள் வந்து அளவெடுத்தால் ‘துப்பட்டா மாட்டிக்கும், வெளிய நில்லு’ என்று விரட்டுவார்கள்.

தனபாலின் டிரெய்லரும் மாசி மாதம் இந்தப் பட்டறைக்குத்தான் வந்து போனது. அதன் ஃபைல் மூன்றாவது அடுக்கில் இருக்கிறது. இன்று எடுக்கவில்லை. அவசியமில்லை. அளவெல்லாம் நினைவிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

ஜன்னல் ஃபிரேம் கடையில் கழித்துப் போட்ட அலுமினியச் சேனல் கிடைத்தது. இரண்டு நீளத் துண்டு, குறுக்கே ஏழு துண்டு. ரிவெட் அடித்தேன். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ். அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கு ரம்பத் தகட்டை உடைத்து மூன்று மூன்றாக அடுக்கினேன். சக்கரம் பன்னிரண்டு வேண்டும்; உடைந்த பொம்மை கார்கள் மூன்றைப் பிரித்தாயிற்று. மூன்று கார்களின் சக்கரமும் மூன்று உயரம். உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கவே பகல் போய்விட்டது. விரல் நுனியில் தோல் இல்லை.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு அம்மிணி இது?”

“சங்கத்துல ஓட்டிக் காட்டறதுக்கு.”

“பொம்மைய வெச்சா பெரிய மனுசங்க நம்புவாங்க?”

“பெரிய மனுசங்க உங்கள மனுசனாவே நெனைக்கலீங்கப்பா. அத மொதல்ல யோசிங்க.”

சக்கரம் ஒன்றை எடுத்து விரலால் சுற்றிவிட்டு, “அத விட்டுரு கண்ணு. என்னோட போவுட்டும்,” என்றார்.

இருபத்தாறு வருடம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவருக்கு முதுகு இப்படித்தான் வளையும் போல. எனக்கு வளையாது.

ஜூன் 12, புதன்

பட்டறையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு தொப்பூர் போனேன். டிரெய்லரை ஸ்டேஷன் ஓரம் நிறுத்தியிருக்கிறார்கள். டேப் போட்டு அளந்தேன். ஒரு போலீஸ்காரர், “என்னம்மா, மனை போடறியா?” என்றார்.

நாற்பதடி. சரியாக நாற்பது. வால் இல்லை.

வால் விவகாரம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எழுதத் தேவையில்லை. ஆனால் இந்த நோட்டு நாளைக்கு யார் கையில் போகுமோ. டிரெய்லர் அனுமதி நாற்பதடிக்கு. முதலாளிக்கு நீளக் கம்பி ஏற்ற வேண்டும், பின்னால் ரெண்டு கட்டு கூடுதலாகவும் அடுக்க வேண்டும். அதனால் தளத்தின் கடைசியில் நாலடி நீட்டுவார்கள். வெல்டிங் வைக்க மாட்டார்கள். எட்டு போல்ட் மட்டும். வருடா வருடம் தகுதிச் சோதனைக்கு, அதாவது எஃப்.சி.க்கு, வண்டி போகும் அன்று காலையில் போல்டைக் கழற்றி வாலைப் பட்டறையில் போட்டுவிட்டுப் போவார்கள். சான்றிதழ் வாங்கித் திரும்பியதும் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் பட்டறைச் சுவரில் எந்த நாளும் நாலைந்து வால்கள் சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் வண்டி நம்பர் சாக்பீஸில் எழுதியிருக்கும்.

கவிழ்ந்த வண்டியை கிரேன் வைத்துத் தூக்கியது தனபாலின் ஆட்கள். ஸ்டேஷன் வந்து சேர்வதற்குள் வாலைக் கழற்றிவிட்டார்கள். எட்டு ஓட்டையிலும் மக்கு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் இன்னும் இளசாக இருந்தது.

ஆக, என் டிரெய்லருக்கும் வால் வேண்டும். நாலடியைப் பதினாறால் வகுத்தால் மூன்று அங்குலம். எட்டு போல்ட்.

ஜூன் 16, ஞாயிறு

ஊர்க்கோடியில் மூடிக்கிடக்கும் எடைமேடைக்கு ஏறி இறங்கச் சிமென்ட் சரிவு உண்டு. அதுதான் எனக்கு தொப்பூர். சரிவின் அடியில் சாக்பீஸில் இடதுபுறம் ஒரு வளைவு வரைந்தேன். ஆறு எம்.எம். கம்பி பதினாறு துண்டு, மூன்று கிலோ சொச்சம், நடுவில் அடுக்கிக் கட்டினேன். நிஜக் கணக்குப்படி ஏழு கிலோ வர வேண்டும். பொம்மை மோட்டார் மூன்றுக்கே முனகுகிறது. பரவாயில்லை.

இறக்கினால் பத்தடியில் தலை தனியாகவும் டிரெய்லர் தனியாகவும் போயின. டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் என்ற முளையும், தலையின் முதுகில் அது போய் உட்காரும் தட்டும் பிடிக்கவில்லை. நான் வைத்தது சைக்கிள் போல்ட். குலுங்கினால் எகிறிவிடுகிறது. நாலு தடவை. நாலு தடவையும் தலை மட்டும் ஒய்யாரமாக வளைந்து போய் நின்றது.

வீட்டுக்கு வந்து பொம்மையைத் தூக்கிப் போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பா அதை மடியில் வைத்திருந்தார். போல்டின் தலையைப் பல்லிடுக்கில் கவ்விப் பிடித்து, கழுத்தை இடது கையால் அரத்தால் அராவிக்கொண்டிருந்தார். கழுத்தில் பள்ளம் விழுந்ததும் ஒரு கம்பிக் கொக்கியை அதில் மாட்டிக் காட்டினார். முளை இனி எகிறாது. இரும்புத்தூளைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் மூன்று ஓட்டம். மூன்றும் சுத்தம். வால் இல்லாத வண்டி ஒழுங்காக வளைகிறது.

ஜூன் 18, செவ்வாய்

இன்று போல்ட் துளை எட்டும் போட்டேன். ரெண்டு கோணல்.

ஜூன் 20, வியாழன்

மேஸ்திரி லூர்து என் மேசை டிராயரில் ரிவெட் டப்பாவைப் பார்த்துவிட்டார்.

“என்ன அம்மிணி, கல்யாணச் சீருக்கு ரிவெட்டா?”

“ஆமாங்கண்ணா. மாப்பிள்ள ஓடிப்போகாம அடிச்சு வெக்கறதுக்கு.”

சிரித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார். “தனபால் வண்டி விசயமா ஏதோ பண்றியாமா. எங்காதுக்கு வந்தா மொதலாளி காதுக்கும் வரும். வேண்டாம் புள்ள. நோண்டுனா எல்லாங் கெளம்பும்.”

“கெளம்பட்டுங்கண்ணா.”

“எல்லாமும்னா எல்லாமும்,” என்றார். என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

பயமுறுத்துகிறார். முதலாளிக்கு வெல்டிங் அடிப்பவனுக்கும் முதலாளி புத்திதான் வருகிறது.

ஜூன் 23, ஞாயிறு

வாலை மாட்டினேன். அதில் கூடுதல் கட்டு ரெண்டு ஏற்றினேன். சரிவின் உச்சியில் வைக்கும்போதே தெரிந்தது: தலையின் பின்பக்கத்தை விரலால் தூக்க முடிகிறது. பாரமெல்லாம் பின்னால் போய்விட்டதால் இழுவைத் தலைக்கு அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாத டயருக்குத் தரையில் பிடி ஏது?

இறக்கினேன். வளைவில் தலை திரும்பியது. பிரேக் பிடித்ததும் டிரெய்லர் தள்ளியது, வால் விசிறியது, கவிழ்ந்தது. மறுபடி. கவிழ்ந்தது. ஐந்து ஓட்டம், ஐந்தும் கவிழ்ந்தன. சாக்பீஸ் வளைவில் இளநீர்க் கடை இருந்த இடத்தில் ஒரு தீப்பெட்டி நிறுத்தியிருந்தேன். ஐந்தில் நாலு முறை வால் அதைத் தட்டியது.

துள்ளிக் குதித்தேன். “பாத்தீங்களாப்பா! தூக்கமும் இல்ல, மண்ணும் இல்ல! இந்த வாலுதான்! இத மாட்டுனவன் எவனோ அவனத்தான் பலகைல எழுதோணும்!”

அப்பா தீப்பெட்டியைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். சோறு வேண்டாம் என்றார்.

ஜெயிக்கப்போகிறோம் என்றால் இந்த மனிதருக்கு ஏன் முகம் சுண்டுகிறது?

ஜூன் 26, புதன்

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் முனிராசைப் பார்த்தேன். இளநீர் விற்றவர். வயது நாற்பதுக்குள்தான். இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. டிரைவர் மகள் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உட்காரச் சொன்னார்.

“உங்கப்பா முழிச்சிட்டுத்தான்மா இருந்தாரு. கண்ணுக்குக் கண்ணு பார்த்தேன். ஆரன் அடிச்சாரு, கையை வீசி ஓடு ஓடுன்னாரு. வண்டித் தலை என்னத் தாண்டிப் போயிருச்சு. தப்பிச்சோம்டா சாமின்னு திரும்பறேன், வால் வந்து அடிக்குது.”

“இத சங்கத்துல வந்து சொல்லுவீங்களாண்ணா?”

“எதுல வர்றதும்மா?” என்று காலைப் பார்த்தார். அசடு மாதிரி கேட்டுவிட்டேன். நான் தாளில் எழுத, கைநாட்டு வைத்துக் கொடுத்தார். போகும்போது கூப்பிட்டார். “ஏம்மா, நாப்பதடி வண்டின்னு போலீசு சொல்றாங்க. நான் பார்த்த வண்டி அதவிட நீளம். யாரும்மா அத நீட்டுனது? ஆளு தெரியுமா?”

“தெரியலீங்கண்ணா,” என்றேன்.

ஜூன் 27, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்றும்.

ஜூன் 30, ஞாயிறு

மூன்றாவது சோதனை. இதைச் செய்யாமல் விட்டிருக்கலாம். சங்கத்துக்கு இரண்டாவதே போதும்.

வால் அப்படியே இருக்கட்டும். கூடுதல் கட்டும் இருக்கட்டும். அச்சு மூன்றையும் கழற்றி ஒன்றரை அங்குலம் பின்னால் தள்ளி மாட்டினேன். இறக்கினேன். தலையில் பாரம் உட்கார்ந்தது. வளைந்தது. நின்றது. ஐந்து ஓட்டம். கொஞ்சம் அகலமாகத் திரும்பியது, அவ்வளவுதான். தீப்பெட்டி நின்ற இடத்தில் நின்றது.

ஒன்றரை அங்குலம். நிஜ வண்டியில் இரண்டடி. பட்டறையில் இரண்டு நாள் வேலை.

சரி. எழுதிவிடுகிறேன்.

மாசியில் தனபால் வண்டிக்கு நான் இரண்டு வரைபடம் போட்டேன். முதலாவதில் வாலோடு சேர்த்து அச்சையும் இரண்டடி பின்னால் நகர்த்தியிருந்தேன். அதை நான்தான் யோசித்தேன்; யாரும் சொல்லித்தரவில்லை. தனபால் தாளைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் வண்டி நின்னா உங்கப்பனுக்கு லோடு நீ தருவியா? அச்ச நகத்துனா எஃப்.சி.ல மாட்டும் புள்ள, வால மட்டும் போடு,” என்றார். பட்டறை முதலாளி என்னைப் பார்த்தார். ‘கவிழும்’ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. டிப்ளமோ இருந்தது. ஷெட்டுக்குள் விடவில்லை என்று மூன்று வருடமாகப் பொருமுகிறேன். கேட்க வேண்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் இரண்டாவது தாளைப் போட்டு, மூலையில் கையெழுத்தும் வைத்தேன். அ.வி. அர்த்தநாரி மகள் வினோதா.

அப்பாதான் ஓட்டப்போகிறார் என்று தெரியும். மறுநாள் காலை தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்தது நான். ‘பாத்து ஓட்டுங்கப்பா’ என்றேன். தினமும் சொல்வதுதான்.

ஜூலை 3, புதன்

ஃபைலை எடுத்தேன். முதல் தாள் இல்லை, கிழித்துவிட்டார்கள். என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டாவது தாள் இருந்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். வேலை முடிந்து வண்டியை எடுக்க வரும் ஓட்டுநர், வரைபடத் தாளிலேயே ‘வண்டி பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நாளைக்கு எதுவானாலும் ‘உன் ஆள் பார்த்துத்தானே எடுத்தான்’ என்று சொல்வதற்கு. அன்று நான் மதியமே கிளம்பிவிட்டேன். அந்தத் தாளை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

என் அ.வி.க்கு நேர் கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. கிரீஸ் விரல் பதிந்திருக்கிறது. விரல் பதிந்தது வேறெங்கும் இல்லை, என் எழுத்தின் மேல்.

ஜூலை 4, வியாழன்

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். தாளை அப்பா முன்னால் வைத்தேன்.

“தெரியுமாப்பா?”

“அன்னைக்கே பாத்தேன். எம்புள்ள போட்ட படம்னு லூர்துகிட்டப் பெருமையாச் சொன்னேன்.”

“அப்பறம் ஏன் ஒண்ணும் பேசலீங்க? தூங்கலைன்னு சொன்னா வாலு வெளிய வரும். வாலு வந்தா இந்தத் தாளு வரும். அதுக்குத்தான?”

அப்பா தாளைத் திருப்பி வைத்தார்.

“என்ன இப்படிக் காப்பாத்தச் சொல்லி நான் கேட்டனா?”

“கத்தாத. உன்ற தப்பு மட்டுமில்ல. ஏறி உக்காந்து ஒரு பர்லாங்கு போனவொடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தலை லேசா அலையுதுன்னு. அப்பவே சாவியத் தூக்கிப் போட்டு எறங்கியிருக்கோணும். நா எறங்குனா இன்னொருத்தன் ஏறுவான்னு ஓட்டுனேன். மூணு மாசம் ஓட்டுனேன்.” கையைத் தடவினார். “எனக்கு இனி என்ன? உனக்கு வயசு கெடக்குது. படம் போடறவ பேரு கெட்டா எந்தப் பட்டறைலயும் சேத்த மாட்டாங்க.”

“அந்த முனிராசுக்குக் கால் முளைக்குமாப்பா?”

பொம்மையை இழுத்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “வாலு போல்ட்டுல ரெண்டு கோணலா இருக்குது. சரி பண்ணு,” என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

பெயின்ட் அடித்தோம். நான் தளத்துக்கு, அப்பா இடது கையால் சக்கர வட்டுக்கு. அம்மா இரண்டு காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வாயே தொறக்காம அப்பனும் மகளும் ஒரு வண்டியக் கட்டிப்போட்டீங்க. இனி இத ஓட்டியே பொழச்சுக்கலாம்,” என்றார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தோம்.

ஜூலை 13, சனி

போல்ட் எட்டு. ஸ்பேனர் ஒன்று. புது பேட்டரி. முனிராசின் தாள். வரைபடத்தின் நகல் நாலு. அசல் என் ரவிக்கைக்குள் வரும்.

ஜூலை 14, ஞாயிறு

கூடத்தில் உரிமையாளர்களுக்கு நாற்காலி. ஓட்டுநர்கள் சுவரோரம் நிற்க வேண்டும். அப்பா, கழுத்தில் கட்டிய துணியில் கை தொங்க நின்றார்.

தனபால் எழுந்தார். “என்ற வண்டி நாப்பதடிங்க. சந்தேகமிருந்தா ஸ்டேசன்ல போய் டேப்பப் போட்டுப் பாருங்க. அர்த்தநாரி நல்ல மனுசன்தான், இல்லீங்கல. கண்ணசந்துட்டான்.”

“ஓட்டிக் காட்டறங்க,” என்றேன். பையிலிருந்து டிரெய்லரை எடுத்ததும் கூடத்தில் சலசலப்பு. “அட, வெளையாட்டுச் சாமானம்!” “எம்பேரனுக்கு ஒண்ணு கட்டிக் குடு அம்மிணி!” சங்கத் தலைவர் கையமர்த்தினார். ஆனாலும் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பைக் ஏற்றும் சிமென்ட் சரிவு அங்கேதான். டிரெய்லர் முதலாளிகளுக்கு டிரெய்லர் ஓடுவதைப் பார்க்காமல் இருக்க முடியாது; பொம்மையானாலும்.

வால் மாட்டி ஓட்டினேன். கவிழ்ந்தது. மறுபடியும் ஓட்டினேன், கவிழ்ந்தது. பிறகு சரிவிலேயே குந்தி, ஸ்பேனரை எடுத்து, எட்டு போல்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

பின்னாலிருந்து ஒருவர், “எஃப்.சி. வந்துருச்சு டோய்!” என்றார்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சிரித்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்பதும் புரிந்தது. ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். தனபால் மட்டும் சிரிக்கவே இல்லை.

வால் இல்லாமல் ஓட்டினேன். சுத்தமாக வளைந்து நின்றது. அச்சை நகர்த்தி, வாலோடு ஓட்டினேன். நின்றது. “ரெண்டடி நகத்தியிருந்தா அந்தாளுக்குக் கால் இருந்திருக்கும்,” என்றேன். முனிராசின் தாளைப் படித்தேன். வரைபடத்தின் நகலைத் தலைவரிடம் கொடுத்தேன்.

தனபால் எட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. “ஏம்புள்ள, இதுல இருக்கறது உன்ற கையெழுத்தில்ல?”

“ஆமாங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். நகத்தோணும்னு தெரிஞ்சே நகத்தாம போட்டுக் குடுத்தேன். நீங்க கேட்டீங்க, நான் போட்டேன்.”

தலைவர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். “புத்திசாலிப் புள்ள. இங்க ஆருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இந்தத் தாளு வெளிய போனா நாளைக்கு ஊர்ல ஒரு வண்டி ஓடாது. அசலையும் பொம்மையையும் இங்க வெச்சுட்டுப் போ. உங்கப்பன் பேரு பலகைல ஏறாது. நாளைக்கே வேற வண்டி தர்றோம். எம்பொறுப்பு.”

ஆறு வாரமாக நான் எதற்காகத் தோலுரியத் தேய்த்தேனோ அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது என் பெயர் இல்லை, அவர் பெயர்.

அப்பா பலகையிடம் நடந்து போனார். கீழே தட்டில் கிடந்த சாக்பீஸை இடது கையால் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் எழுதுகிறவர் மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக எழுதினார். அர்த்தநாரி. ‘நா’வின் கால் கீழே இறங்கிவிட்டது. அதை அழித்துச் சரியாகப் போட்டார்.

சுவரோரம் நின்ற ஓட்டுநர்களில் ஒருவர் அப்பாவுக்காகத் தன் செருப்பை ஒதுக்கி வழிவிட்டார்.

“வாலப் பொறுக்கிக்க அம்மிணி,” என்றார் அப்பா. “பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ஜூலை 15, திங்கள்

பட்டறை கேட்டில் வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். என் சோற்றுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் லூர்து கொண்டுவந்து கொடுத்தார். பைக்குள் என் ரிவெட் டப்பாவும் இருந்தது.

ஜூலை 17, புதன்

தொப்பூர் ஸ்டேஷனில் அசலைக் கொடுத்து, வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வைத்தேன். இந்தத் தடவை முழுப்பெயர். அப்பாவும் வைத்தார், இடது கையில். இன்ஸ்பெக்டர் மோட்டார் வாகன ஆய்வாளரை வரவழைத்து, மக்கு அடைத்த ஓட்டைகளைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னார். என்னையும் வழக்கில் சேர்க்கலாம் என்றார். “சேத்துங்க,” என்றேன்.

அங்கிருந்து தர்மபுரி. முனிராசு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா கால்மாட்டில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணுக்குக் கண்ணு, அன்றைக்குப் போல.

“அன்னைக்கு ஆளு தெரியாதுன்னு பொய் சொன்னேன்,” என்றேன். “வால் நீட்டுன படம் போட்டது நாந்தாங்கண்ணா.”

முனிராசு என் கையிலிருந்த டிரெய்லரைப் பார்த்தார். “இதுதானா? ஓட்டு, பார்க்கலாம்.”

வார்டு நடைபாதையில், சக்கர நாற்காலி ஏறும் சரிவில் ஓட்டினேன். கட்டிலை நர்ஸ் வாசல் பக்கம் திருப்பிக் கொடுத்தார். வால் வீசியது. கவிழ்ந்தது.

“இன்னொருக்கா,” என்றார்.

ஓட்டினேன். கவிழ்ந்தது.

மன்னிப்பாரா என்று நான் காத்திருக்கவில்லை. அவரும் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டினார். “அந்த வாலை மட்டும் கழட்டிக் குடும்மா. கோர்ட்டுல யாராச்சும் நாப்பதடின்னு சொன்னா நான் எடுத்துக் காட்டறேன்.”

எட்டு போல்ட். ரெண்டு இன்னும் கொஞ்சம் கோணல்தான். கழற்றிக் கொடுத்தேன்.